காது முளைத்த வால்வு

சின்னவன் அண்ணன் வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை வருவதும் நிற்பதுமாக இருந்தது. தோள்பையில் பஞ்சில் சுற்றிய, பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடி வால்வுகள், ஒரு பென்சில், ஒரு ஸ்குரூ டிரைவர்.

அண்ணன் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கச்சேரியில் கிடார் வாசித்துவிட்டு வந்து படுத்த மனுஷன் எழுந்திருக்கவே இல்லை. வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். சின்னவன் அழவில்லை. இசைக்கருவிக் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து கிடார் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்களை ரிப்பேர் செய்கிறவன் அவன். அடக்கம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டான். சாப்பிட்டான், தூங்கினான், யாராவது ஜோக் அடித்தால் சிரித்தும் வைத்தான். எல்லாமே, பல் பிடுங்கிய பிறகு மரத்துக் கிடக்கும் உதட்டால் தண்ணீர் குடிப்பதுபோல இருந்தது.

அண்ணி கதவைத் திறந்தாள்.

"வாங்க தம்பி. நனைஞ்சிட்டீங்களா?"

"லேசாத்தான் அண்ணி. அண்ணன் ஆம்புக்கு என்ன ஆச்சு?"

"தேயுது தம்பி. நாளுக்கு நாள் சத்தம் தேஞ்சுக்கிட்டே போகுது. நீங்கதான் பார்த்து சரி பண்ணணும்."

அண்ணிக்குக் கிடாரைப் பிடிக்கக்கூடத் தெரியாது. பிறகு எதற்கு ஆம்பைப் போட்டுப் பார்க்கிறாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. அந்த நாட்களில் அவனுக்குத் தோன்றாமல் போனவை நிறைய.

அண்ணன் வாசித்துப் பழகிய பின்னறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளம் ஒட்டியிருந்தது. ஜன்னல் சாத்தியே கிடந்தது. சூடேறிய தூசியின் வாசனை. ஆம்புக்கு நேரெதிரே, முட்டி இடிக்கும் நெருக்கத்தில், ஒரு நாற்காலி. அதில் தலையணை ஒன்று அழுந்திக் கிடந்தது. பக்கத்தில் ஆடை படிந்த காபி டம்ளர்.

ஆம்பைத் திருப்பிப் பின்பலகையைக் கழற்றினான். சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் ஒவ்வொன்றாய் ஆரஞ்சு நிறத்தில் கண் விழித்தன. பென்சிலால் மெல்லத் தட்டிப் பார்த்தான். கிடார் ஒயர் வந்து சேரும் முதல் வால்வைத் தட்டியபோது ஸ்பீக்கர் 'ணங்' என்றது.

"இதுதான் அண்ணி. பழசாயிடுச்சு. வால்வு பழசானா அதுக்குக் காது முளைச்சிடும். கிடார் சத்தம் மட்டும் இல்ல, ரூமுக்குள்ள கேக்கிற சத்தத்தையும் சேர்த்து இழுத்துக்கும். போதாததுக்கு இது பலமும் போயிடுச்சு. மாத்திடறேன்."

அண்ணி, "ம்" என்றாள்.

புது வால்வைச் செருகி, அண்ணனின் கிடாரை எடுத்து ஒரு கம்பியை மீட்டினான். பாஸைக் குறைத்தான், ட்ரெபிளை ஒரு பொட்டு ஏற்றினான். துடைத்து வைத்த மாதிரி சுத்தமான சத்தம். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்துக் கேட்டாள்.

"இதுல இல்ல தம்பி."

"என்ன இல்ல?"

"வேற போடுங்க."

அடுத்ததில் சத்தம் கொஞ்சம் தடித்தது. அண்ணி தலையை ஆட்டினாள். அதற்கடுத்ததும் ஆகவில்லை. அண்ணன் வாசிப்பில் இருந்த குழைவைத் தேடுகிறாள் பாவம் என்று நினைத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது, கடையில் ஏதோ ஓர் உடைந்த ஆம்பிலிருந்து கழற்றியது. ஒப்புக்குத்தான் கொண்டுவந்திருந்தான். அதைச் செருகித் தட்டியதும், ஸ்பீக்கர் முன்னைவிடப் பலமாக அலறியது. உடனே கழற்றப் போனான்.

அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"இதுதான். இருங்க."

கிடார் ஒயரை அவளே பிடுங்கிப் போட்டாள். குமிழ்களை அவளே திருகினாள். பழகிய கை.

"ட்ரெபிள் ஜாஸ்தியானா மூச்சு வாங்குற மாதிரி கேக்குது. மிடிலை ஏத்தினாத்தான் பேச்சு புரியும்."

"யார் பேச்சு அண்ணி?"

அவள் வால்யூமை ஏற்றினாள்.

ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல். வெளியே பெய்யும் மழையிலிருந்து பிரித்தறிய முடியாத இரைச்சல்.

அதற்குள் ஏதோ நகர்ந்தது.

"இருக்கியா?"

காலியான பெரிய கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுவது போல.

"இருக்கேன்" என்றாள் அண்ணி, ஸ்பீக்கரைப் பார்த்து.

"ரேடியோவா இருக்கும் அண்ணி. சில சமயம் ஆம்ப் ஏதாவது ஸ்டேஷனை இழுக்கும்."

"ஆரம்பத்துல இன்னும் தூரத்துல கேட்டுச்சு" என்று கிசுகிசுத்தாள். "தினம் கொஞ்சம் கிட்ட வருது. ரிவர்பைக் குறைச்சா ரொம்ப கிட்ட வந்துடும். நான் ஓரளவுக்கு மேல குறைக்கிறதில்ல."

ரிவர்ப் என்பது எதிரொலி, அவ்வளவுதான். அது போய்விட்டால் வார்த்தை தெளிவாகும், எந்த ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும். அவன் குமிழை அடியோடு திருப்பினான்.

எதிரொலி செத்தது.

"இருக்கியா?"

இப்போது தூரமே இல்லை. காய்ந்த உதடுகள் ஒட்டிப் பிரிகிற சத்தம்கூடக் கேட்டது. பிறந்ததிலிருந்து அண்ணன் குரலைக் கேட்டு வளர்ந்தவன் அவன். இது அண்ணன் இல்லை. ஆணா, பெண்ணா என்றே சொல்ல முடியவில்லை.

ரேடியோவும் இல்லை.

காது முளைத்த வால்வு, அறைக்குள் இருப்பதைத்தான் கேட்கும்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிடரிக்குப் பின்னால் ஈரத்துணி வாசனை அடித்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு ஏதோ ஒன்று உறைத்தது. பயம்.

"அண்ணி, இது அண்ணன் இல்ல."

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா?"

"யாரா இருந்தா என்ன? இந்த வீட்டுல நான் இருக்கேனான்னு யாராவது கேக்கணும்ல."

பிளக்கைப் பிடுங்கினான். கரண்ட் போனாலும் இந்த மாதிரி ஆம்ப் உடனே சாகாது. "இருக்கி..." என்று இழுத்து இழுத்துத் தேய்ந்து அடங்கியது. கொதிக்கும் வால்வை வெறும் கையாலேயே உருவித் தரையில் போட்டு மிதித்தான். விரல் வெந்தது.

"ரெண்டு துணி எடுத்துக்குங்க. நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

அண்ணி மறுபேச்சுப் பேசாமல் வந்தாள்.

சின்னவன் வீட்டில் அவள் நேரத்துக்குச் சாப்பிட்டாள், காய் நறுக்கினாள், டிவி பார்த்தாள். "அக்கா நல்லா தேறிட்டாங்கங்க" என்றாள் அவன் மனைவி. விரல் புண் ஆறியது. அந்தப் பயமும் ஆறி, அவன் பழையபடி மரத்துப் போனான். அந்தப் பின்னறையைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. மனைவியிடம் அவன் சொல்லவே இல்லை.

ஒரு விடுமுறை நாள். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்திருந்தவன் கண்ணைத் திறந்தபோது, அண்ணி சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஃபேன் ரெகுலேட்டரை ஒவ்வொரு எண்ணாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"புழுக்கமா இருக்கே அண்ணி. ஏன் குறைக்கிறீங்க?"

அவள் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

ஃபேன் தளர்ந்து சுற்றியது. அதன் முனகல் இறங்கி, இறங்கி, ஓர் இடத்தில் நின்றது. அவன் காதில் வேறு எதுவும் விழவில்லை. அண்ணி வாய் திறக்கவில்லை. அவனும் திறக்கவில்லை.

அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"இருக்கேங்க, இங்கதான் இருக்கேன். எத்தனை தடவைதான் கேப்பீங்க?"