அதிகாரியின் ஐந்து விரல்

காலையில் வேலைக்குக் கிளம்புகிற எல்லோரும் செய்கிற காரியத்தைத்தான் சலேத்தும் செய்தாள். வாசற்கதவின் முன்னால் நின்று, கைகளை விரித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினாள். நிலைக்கு மேலே இருந்த தோல்சாட்சிக் கருவி அவள் தோலைப் பார்த்தது. கதவு திறக்கவில்லை. மன்னார் வளைகுடாவில் மிதக்கும் அந்த நகரத்தில், கதவு உடனே திறக்காத காலை நல்ல காலை அல்ல.

"இடது முழங்கைக்குக் கீழே புதிய ஊமைக்காயம். யார்?" என்று கருவி கனிவாகக் கேட்டது.

"யாருமில்ல. உப்பு ஆலையில வாளி இடிச்சிட்டு."

"பதிந்துகொண்டேன்" என்றது. நம்புகிறேன் என்று சொல்லவில்லை.

அதைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் வீட்டுக்குள் அடிவாங்கிய பெண்கள் வெளியே வந்து, கதவு இடித்தது, வழுக்கி விழுந்தேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொய்களை ஒழிக்கத்தான் தோல்சாட்சிச் சட்டம் வந்தது. எந்த ஊமைக்காயத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். யாரும் ஏற்காவிட்டால் உடன் வசிப்பவர் பொறுப்பு. சில வருடங்களிலேயே நகரத்தில் அடிக்கிற கை அடங்கிவிட்டது. தன் அம்மா பட்ட அடிகளை நினைக்கும்போதெல்லாம், இந்தப் புண்ணியக் கருவி அப்போதே வந்திருக்கக்கூடாதா என்று சலேத்துக்கு ஆதங்கமாக இருக்கும். சங்கடம் என்னவென்றால், அந்தப் பெண்கள் பொய்யாகச் சொன்னதையே இவள் உண்மையாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கணவன் கஸ்மீர் சாப்பாட்டு டப்பாவின் ஓரத்தை விரல்நுனியில் பிடித்தபடி நீட்டினான். பட்டால் கன்றிவிடுமோ என்ற பயத்தில் மாதக்கணக்கில் அவன் அவளைத் தொடவில்லை. நடந்தால் ஒரு கை தள்ளி நடப்பான். படுத்தால் கட்டிலின் விளிம்பில், எந்த நேரமும் விழுந்துவிடுவதுபோலப் படுப்பான். கல்யாணத்துக்கு முன் படகுத்துறையில் ஊரே பார்க்க அவள் கையைக் கோத்துக்கொண்டு ஆடிய மனிதன்.

"இன்னைக்கு விசாரணையில என்ன சொல்லப்போற ஏட்டி?"

"உள்ளதத்தான் சொல்லுவேன்."

"உள்ளதச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு. என்னத் தள்ளிவச்சுட்டா ஒரு வருசம் நான் விலகல் கோபுரத்துல கிடக்கணும். யாரு உனக்கு எண்ணெய் இல்லாம குழம்பு வச்சுத் தருவா?"

அவனுக்கு அந்தக் கவலை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

விசாரணை அதிகாரி இமையரசி நல்ல பெண்மணி. அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது: விசாரணை முடியும்வரை அதிகாரி எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்தவர்களுக்குத் துணை இருக்கிறது என்று தெரியவேண்டுமாம். இமையரசி சலேத்தின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. அவர் இங்க இல்ல. உண்மையைச் சொல்லுங்க."

"உண்மை அதான் மேடம். அவர் என்னைத் தொடுறதே இல்ல. அதுதான் என் குறை."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க" என்று இமையரசி இன்னும் ஆதரவாகப் பிடித்தார். சலேத் மறுக்க மறுக்க ஆதரவு கூடிக்கொண்டே போனது. மதியம்வரை பேசி, கடைசியில் இமையரசி பெருமூச்சு விட்டார். மாலைப் படகில் கஸ்மீரை விலகல் கோபுரத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். சலேத் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

அலுவலகக் கதவு திறக்கவில்லை.

"வலது மணிக்கட்டில் புதிய ஊமைக்காயம். ஐந்து விரல் தடம்" என்றது தோல்சாட்சி. "தடம் பொருந்துகிறது. பொறுப்பு: அதிகாரி இமையரசி."

இமையரசி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "நான் அழுத்தவே இல்ல! சும்மாதான் பிடிச்சிருந்தேன்!"

"எங்க வீட்டுக்காரரும் அப்போ இதையேதான் சொன்னாரு மேடம்" என்றாள் சலேத். சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வழிய, சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

இமையரசிக்குச் சிரிப்பு வரவில்லை. நீலமாகிக்கொண்டிருந்த அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது செய்யுதாம்மா?"

"கணையம் சரியில்ல மேடம், சின்னதுலேருந்தே. ஆனா அது வயித்துச் சமாச்சாரம்லா? தோலுக்கும் அதுக்கும் என்ன?"

மருத்துவக் கோப்பைத் தோல்சாட்சி பார்க்கக்கூடாது என்பதும் சட்டம். அது அந்தரங்கம். அதனால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த கட்டடத்திலிருந்த மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றாள். செரிமானக் குளிகைகளை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றார்.

"காலையில வெறும் வயித்துல எல்லாத்தையும் ஒண்ணா முழுங்கிருவேன். ஒரேயடியா வேலை முடிஞ்சிரும்லா. எண்ணெயத் தொடுறதே இல்ல."

மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அது சோற்றோடு சேர்ந்து போனால்தான் வேலை செய்யும் தாயே! கணையம் கெட்டால் கொழுப்பு செரிக்காது. கொழுப்பு செரிக்காவிட்டால் வைட்டமின் கே உடம்பில் சேராது. அது இல்லாவிட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாது; லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். போதாததற்கு எண்ணெயை வேறு அடியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். யார் யோசனை அது?"

செய்தி கேட்டு ஓடிவந்து கதவோரம் மூச்சுவாங்க நின்ற கஸ்மீர் கையைத் தூக்கினான். "நான்தான் டாக்டர். வயிறு வலிக்கக்கூடாதேன்னு..." சொல்லிவிட்டு இமையரசியைப் பார்த்தான். "அப்போ குற்றவாளி நான்தானா மேடம்?"

"பாதி நீங்க, பாதி நான்" என்றார் இமையரசி. அன்று மாலையே படகு உத்தரவை ரத்து செய்தார். கூடவே மேலிடத்துக்கு எழுதினார்: யார் என்று கேட்பதற்கு முன்னால், உடம்பு எப்படி இருக்கிறது என்று கருவி கேட்கட்டும். தன் பேரில் விழுந்த பதிவை நீக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஊசி போட்டார்கள். அளவாக எண்ணெய் திரும்பியது; ஒவ்வொரு வேளைச் சோற்றோடும் குளிகை வந்தது; கீரை குழம்பிலேறியது. பழைய நீலங்கள் மஞ்சளாகி மறைந்தன. ஆனாலும் கஸ்மீர் கட்டிலின் விளிம்பை விட்டு நகரவில்லை. துறையில் திருவிழாப் பாட்டு ஒலித்த ஒரு சாயங்காலம், சலேத்தே அவன் கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் முதலில் கையை இழுக்கப் பார்த்தான். பிறகு, இத்தனை மாதத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை இருவரும் கதவின் முன் நின்றார்கள். சலேத் கைகளை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"உடம்பு எப்படி இருக்கிறது?" என்றது தோல்சாட்சி.

"ரொம்ப நல்லா இருக்கு."

"தோலில் எதுவும் இல்லை. போய்வாருங்கள்." கதவு திறந்தது.

"எதுவுமே இல்லையா?" என்று கருவியோடு சண்டைக்குப் போனான் கஸ்மீர். "நல்லாப் பாரு! நேத்து எவ்வளவு இறுக்கிப் பிடிச்சேன் தெரியுமா?"