ஒரு கேட், இரண்டு பூட்டு

சைக்கிள் கடைக்காரர் மகள் சிட்டுவுக்குக் காலையிலிருந்தே எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணம் வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பூட்டுகள்.

அவள் வீட்டுக்கும் எதிரே இருந்த தையல்காரர் வீட்டுக்கும் ஒரே சந்து. சந்துக்கு ஒரே கேட். பத்து நாள் முன்பு, தைக்க வந்த துணி ஒன்று காணாமல் போனது. தையல்காரர் கேட் சங்கிலியில் ஒரு பூட்டைப் போட்டார். எதிர்வீட்டுக்குச் சாவியைப் பிறகு கொடுக்கலாம் என்று இருந்துவிட்டார். அன்று மாலை அப்பா தன் சொந்த வாசலுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

அப்பா மானமுள்ள மனிதர். அதே சங்கிலியில் தன் பூட்டையும் மாட்டினார். தையல்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இன்னும் பெரிய பூட்டாக மாற்றினார். அப்பா அதைவிடப் பெரியது வாங்கினார்.

இப்போது இரண்டையும் திறந்தால்தான் கேட் திறக்கும். ஆனால் பெரியவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

"சிட்டு, அவங்களைப் பூட்டைத் திறக்கச் சொல்லு" என்பார் அப்பா.

இரண்டடி தள்ளி நிற்கும் தையல்காரர் தன் ஒல்லி மகனிடம் சொல்வார்: "குண்டூசி, முதல்ல அவங்க திறக்கட்டும்னு சொல்லு."

அன்று வகுப்பில் டீச்சர் நாடுகளைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

"ஒரு நாடு பயந்துபோய் எல்லையில பீரங்கியை நிறுத்தும். தற்காப்புக்குத்தான். ஆனா பக்கத்து நாட்டுக்கு அது எப்படித் தெரியும்? நம்மளை அடிக்க வர்றாங்கன்னு அது ரெண்டு பீரங்கியை நிறுத்தும். கடைசியில ரெண்டு பேருக்கும் தூக்கம் போயிடும்."

"டீச்சர் எப்போ நம்ம சந்துக்கு வந்தாங்க?" என்று குண்டூசி கிசுகிசுத்தான்.

சிட்டுவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எங்கப்பா இன்னிக்கு ஆறு மணிக்கு ரம்பம் கொண்டுவந்து உங்க பூட்டை அறுக்கப் போறார்டா."

குண்டூசியின் முகம் வெளிறியது. "அறுத்தா நாளைக்கே சந்து நடுவுல சுவர்தான். எங்கப்பா கொத்தனார்கிட்ட பேசிட்டார்."

பாதி சந்தில் சைக்கிள்கூட நுழையாது. இனி குண்டூசியைக் கூப்பிட்டால் சுவர்தான் பதில் சொல்லும்.

பள்ளி விட்டதும் சிட்டு நேராக அப்பாவின் கடைக்கு ஓடினாள். ரம்பம் மேசைமேல் தயாராக இருந்தது.

"அப்பா, நாமளே ஒரு சாவியைக் கொடுத்துடலாமே?"

"நாமளா? முதல்ல பூட்டினது யாரு? நான் கையை நீட்டி, அவர் வாங்காமப் போயிட்டா? தெருவே சிரிக்கும்."

அப்பாவின் குரல் லேசாக நடுங்கியது. சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவுக்குக் கோபம் இல்லை, பயம்!

அப்பா பழைய சைக்கிள் சங்கிலி ஒன்றை எடுத்து, ஒரு கண்ணியை மட்டும் கழற்றினார். வட்டமாக இருந்த சங்கிலி நீளமாகத் தரையில் விழுந்தது.

"எந்தக் கண்ணியைக் கழட்டினாலும் திறந்துடுமாப்பா?"

"எதைக் கழட்டினா என்ன? ஒண்ணு போதும்."

சிட்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்து ஓட்டம் பிடித்தாள்.

ஆறு மணி. அப்பா ரம்பத்தோடு வந்தார். தையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. சிட்டு கேட்டில் முதுகை ஒட்டி நின்றாள்.

"யாரும் பூட்டை எடுக்க வேண்டாம். சாவியும் கொடுக்க வேண்டாம். சங்கிலியோட இந்த முனையில அப்பா பூட்டு, அந்த முனையில மாமா பூட்டு. நடுவுல ரெண்டு பூட்டும் ஒண்ணையொண்ணு கோத்துக்கட்டும். யார் தன் பூட்டைத் திறந்தாலும் கேட் திறந்துடும். திருடனுக்கு மட்டும் திறக்காது."

தையல்காரர் தாடையைத் தடவினார். "யோசனை சரிதான். அவர் முதல்ல திறக்கட்டும்."

"ஏன், அவர் திறந்தா கை தேஞ்சிடுமா?" என்றார் அப்பா.

"நான் எண்ணுறேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் திறங்க" என்றான் குண்டூசி. "ஒண்ணு... ரெண்டு... மூணு!"

ஒரு சாவியும் திரும்பவில்லை. இருவரும் மற்றவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிட்டு தையல்காரர் முன் கையை நீட்டினாள். "மாமா, உங்க சாவியை என்கிட்ட கொடுங்க. அப்பா, உங்க சாவி குண்டூசிகிட்ட. யார் முதல்ல இறங்கி வந்தாங்கன்னு தெருவுல கேட்டா, பிள்ளைங்க திறந்தாங்கன்னு சொல்லிக்கலாம்."

தையல்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ரம்பத்தைப் பார்த்தார். முதலில் எந்தச் சாவி கை மாறியது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்டால் இருவருமே "அவர்தான்" என்கிறார்கள்.

இரண்டு பூட்டும் திறந்தன. குண்டூசி கோத்தான், சிட்டு அழுத்தினாள். டக், டக். சாவிகள் அவரவர் கைக்குத் திரும்பின. அப்பா தன் சாவியைத் திருப்பிப் பார்த்தார், கேட் திறந்தது. பூட்டிவிட்டுத் தள்ளி நின்றார். தையல்காரர் தன் சாவியைத் திருப்பினார், கேட் திறந்தது.

"ம்" என்றார் ஒருவர். "ம்" என்றார் மற்றவர். பத்து நாளில் அதுதான் முதல் பேச்சு.

மறுநாள் காலை சிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பா எண்ணெய்க் குப்பியோடு கேட்டருகே நின்றார். தன் பூட்டில் ஒரு சொட்டு விட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு தையல்காரர் பூட்டிலும் இரண்டு சொட்டு விட்டார்.

சிட்டு சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். யாராவது கேட்டால், அவள் எதையும் பார்க்கவில்லை.