பட்டாளத்து லாரிக்கு ஒரு சுற்று!

"ஐயய்யோ...! யாராச்சும் ஓடியாங்களேன்...!"

ஒரு பெண்ணின் அலறல். பழவேற்காடு ஏரியில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

ஏரிக்கரை டீக்கடை பெஞ்சில் இருந்த சிங்காரம் திடுக்கிடவில்லை. அந்த அலறலுக்காகத்தான் காத்திருந்தான். ஆறிப்போன டீயை மண்ணில் ஊற்றினான்.

'இவ்ளோ நேரமா புருஷனைக் கண்டுபிடிக்க? மந்தம்... குடும்பமே மந்தம்!'

பிறகு முகத்தில் ஒரு கிலோ சோகத்தை ஏற்றிக்கொண்டு ஓடினான்.

சிங்காரத்துக்குப் பொன்னேரியில் ஐஸ் ஃபாக்டரி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை அம்பாசடர். மனசுதான் அந்தக் கலரில் கிடைக்கவில்லை.

ஏரிக்கரையில் அவனுக்கு ஒரு ஷெட் இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடித் தேய்ந்த மிலிட்டரி லாரிகளை ஏலத்தில் எடுப்பான். பெட்ரோல் குடித்தே ஆளை ஓட்டாண்டியாக்கும் பழைய இன்ஜினைக் கழற்றி எறிவான். புது டீசல் இன்ஜினும் கியர்பாக்ஸும் பூட்டி விற்பான். எல்லாச் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற லாரி. மணலிலும் போகும், சேற்றிலும் போகும். 1983-ல் இறால் வியாபாரிகள் அதற்குப் போட்டி போட்டார்கள்.

பூட்டுகிறவன் கண்ணப்பன். பசியாவரம் தீவுக்காரன். மெக்கானிக்.

இப்போது அந்தக் கண்ணப்பன், லாரியின் பம்பருக்கும் ஷெட் சுவருக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தான்! தலையில் ரத்தம் உறைந்திருந்தது. காலடியில் லாரியை ஸ்டார்ட் செய்கிற இரும்பு ஹேண்டில்.

அவன் மனைவி ஜெயம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கொண்டுவந்த தூக்குச் சட்டி கவிழ்ந்து, சோறு தரையில் சிதறியிருந்தது.

"ராத்திரி பூரா ஊட்டுக்கு வர்ல மொதலாளி... வண்டில வேலை கீதுன்னு நெனச்சிகினேன்... சோறு எட்த்துகினு படகுல வந்தா... இப்டிக் கெடக்கறாரே!"

"அழாத ஜெயம்மா. அவன் தலையெழுத்து. ஹேண்டில் போட்டுச் சுத்தியிருக்கான். வண்டி கியர்ல இருந்ததப் பாக்கல. ஸ்டார்ட் ஆனதும் மேல பாஞ்சிடுச்சி..."

"கியரப் பாக்காம கை வெக்கற ஆளா மொதலாளி அவரு?"

சிங்காரத்துக்கு எரிச்சல் வந்தது. 'புருஷனுக்கும் கேள்வி. பொண்டாட்டிக்கும் கேள்வி!'

ஆமாம்... கேள்விதான் கண்ணப்பனின் உயிரை எடுத்தது.

நேற்று மாலை!

"மொதலாளி, இந்த கியர்பாக்ஸ் எங்க வாங்கினது?"

"எங்க வாங்கினா உனக்கு இன்னா? பூட்டறதோட உன் வேலை முடிஞ்சிது."

"இன்னிக்கு வண்டிக்கு அடீல படுத்து மண்ணெண்ண ஊத்திக் கழுவினேன். ஒரு பழைய விரிசல் தெரிஞ்சிது. போன வருசம் நான்தான் அதுக்கு வெல்டிங் வெச்சேன். என் கை வேலை எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு?"

"ஆரம்பாக்கத்தாண்ட ஒரு லாரி காணாப்போச்சே... டிரைவர வெட்டி ரோட்டோரம் போட்டுட்டுப் போனாங்களே... அந்த லாரி கியர்பாக்ஸ் மொதலாளி இது! இன்ஜினும் அதோடதுதான். நான் போலீஸ்ல சொல்லத்தான் போறேன்."

ஹைவேயில் ஆள் வைத்து டீசல் லாரியை மடக்குவது... அதன் இன்ஜினைப் பட்டாளத்துக் கிழட்டு லாரிக்குள் ஒளிப்பது... இதுதான் சிங்காரத்தின் நிஜத் தொழில். ஐஸ் ஃபாக்டரி வெறும் போர்டு. 

அதனால்தான் வெளித்தோற்றம் அச்சு அசல் பழசாகவே இருக்க வேண்டும் என்பது அவன் கட்டளை. பச்சை பெயிண்ட், வட்ட விளக்கு, முகப்பில் ஹேண்டில் நுழைக்கிற ஓட்டை... எதுவும் மாறக் கூடாது! ஒருமுறை கண்ணப்பன் ரேடியேட்டரைப் பற்றி ஏதோ சொல்ல வந்தபோது, "உன் கிரீஸ் புராணத்த எங்கிட்ட பாடாத. வெளிய பழசாத் தெரியணும். உள்ள எப்டியோ பண்ணிக்கோ!" என்று விரட்டியிருந்தான்.

நேற்று கண்ணப்பன் கை கழுவக் குனிந்தான்.

சிங்காரம் ஹேண்டிலை எடுத்தான்.

ஒரே அடி!

மீதி சுலபம். உடலைச் சுவரில் சாய்த்துவிட்டு, லாரியின் பிரேக்கை விடுவித்தான். தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்ட சிமெண்ட் தரை. லாரி உருண்டு போய் மோதி நின்றது. ஏறி கியரைப் போட்டான். ஹேண்டிலைத் துடைத்துக் காலடியில் போட்டான்.

இளவயதில் சிங்காரம் பெட்ரோல் லாரியில் கிளீனர். தினமும் ஹேண்டில் சுற்றிய கை. கியரில் நின்ற வண்டி பாய்ந்து இன்னொரு கிளீனர் செத்ததைக் கண்ணால் பார்த்தவன். கிளீனராக இருந்த கதையை ஊரில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அதில் கற்ற வித்தையை மட்டும் நேற்று எடுத்துப் பயன்படுத்திக்கொண்டான்.

போலீஸ் ஜீப் வந்தது. வந்தது என்று ஒரு மரியாதைக்குச் சொல்லலாம். ஷெட் வாசலில் நாலு இருமல் இருமிவிட்டுத் தானாக அணைந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சுப்பராயலு இறங்கினார். தொப்பை முதலில், அவர் பிறகு.

"போச்சுரா! பேட்டரி செத்த வண்டியக் குடுத்துட்டு மேல இருக்கறவங்க ஃபேன் காத்துல உக்காந்துகினு கீறாங்க. எல்லப்பா, திரும்பிப் போறப்ப நீதான் ஹேண்டில் சுத்தணும்."

கான்ஸ்டபிள் எல்லப்பன் தோளைத் தடவிக்கொண்டார். "காலைல சுத்தினதுக்கே கை வுட்டுப்போச்சிங்கய்யா..."

'ஜீப்பையே கிளப்ப வக்கில்ல. இவனுங்க கேஸைக் கிளப்பப் போறானுங்களாம்!' சிங்காரம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கும்பிட்டான்.

"வாங்க சார். கியர்ல இருந்த வண்டிய ஹேண்டில் போட்டுச் சுத்திட்டான் சார். பாவம்... தங்கமான பையன்."

எல்லப்பன் லாரியில் ஏறிப் பார்த்தார். "ஆமாங்கய்யா. கியர்லதான் கீது." நியூட்ரலுக்கு மாற்றினார். மீனவர்கள் நாலு பேர் கைகொடுக்க, லாரியைப் பின்னால் தள்ளிக் கட்டை வைத்தார்கள். உடலைக் கீழே கிடத்தினார்கள். ஜெயம்மா அதன் மேல் விழுந்து கதறினாள்.

சுப்பராயலு லாரியைச் சுற்றி வந்தார். முகப்புக்கு வந்ததும் கஷ்டப்பட்டுக் குனிந்து, ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்தார். 

'திருவிழாவுல பயாஸ்கோப் பாக்கற பையன்!' சிங்காரம் வாய்க்குள் முனகினான். 'இதுக்கு சம்பளம் வேற!'

சுப்பராயலு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ஆக்சிடென்ட்தான் மொதலாளி. சந்தேகமே இல்ல."

சிங்காரத்தின் நெஞ்சு லேசானது.

"ஆனா ரிப்போர்ட் எழுதணுமே. மிலிட்டரி வண்டியாச்சே... ஹேண்டில் எவ்ளோ தூரம் உள்ள போவும்? எங்க மாட்டும்? மேலதிகாரி கேட்டா நான் முழிக்கக் கூடாது பாருங்க."

"எல்லா லாரிக்கும் ஒரே மாதிரிதான் சார். ஓட்டையில விட்டு, அமுக்கி, ஒரு சுத்து."

"அமுக்கிட்டு சுத்தணுமா... சுத்திட்டு அமுக்கணுமா? எல்லப்பா, உனக்குப் புரியுதா?"

"இல்லிங்கய்யா."

சிங்காரத்தின் பொறுமை போய்விட்டது. மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாத ஜென்மங்கள்!

"தள்ளுங்க சார்! நான் காட்றேன்!"

ஹேண்டிலை எடுத்தான். ஓட்டையில் விட்டான். பழகிய கை அல்லவா! முகத்தில் பெருமைகூடத் தெரிந்தது.

ஹேண்டில் ஒரு சாண் போனது... நின்றது.

அழுத்தினான். போகவில்லை.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கூட்டத்துக்கு முன்னால் தோற்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு முழுப் பலத்தையும் கொடுத்து ஒரு குத்து குத்தினான்.

சளக்...!

ஓட்டையிலிருந்து துருத் தண்ணீர் பீறிட்டு வந்து, வெள்ளை வேட்டியைச் செங்கல் நிறமாக்கியது!

சிங்காரம் ஹேண்டிலும் கையுமாக நின்றான். 

"ரேடியேட்டர ஓட்ட போட்டுட்டீங்களே மொதலாளி!" சுப்பராயலுவின் குரலில் இப்போது அசட்டுத்தனம் இல்லை. "டீசல் இன்ஜினு நீளம். இடம் பத்தாதுன்னு ரேடியேட்டர முன்னால தள்ளிப் பூட்டியிருக்கான் கண்ணப்பன். நான் அப்பவே எட்டிப் பாத்தேன். இந்த ஓட்ட வெறும் ஷோவுக்கு. இந்த வண்டிக்கு ஹேண்டிலே கெடையாது... பட்டன அழுத்தினா ஸ்டார்ட்டு!"

"ப... பழக்க தோஷத்துல அவன்..."

"தன் கையால பூட்டினவனுக்கா பழக்க தோஷம்? சரி, சுத்தினான்னே வெச்சிக்குவோம். இன்ஜினத் தொடாத ஹேண்டில ராவும் பகலும் சுத்தினாலும் வண்டி எப்டிப் பாயும்? இன்னொண்ணு... எல்லப்பன் ஏறிப் பாக்கறதுக்கு முன்னாடியே கியர்ல இருந்துச்சின்னு சொன்னீங்களே! யாரு சொன்னாங்க உங்களுக்கு? கண்ணப்பனா?"

சிங்காரம் ஈர வேட்டியை உதறிக்கொண்டே ஓர் அடி பின்வாங்கினான்.

"எல்லப்பா! பானெட்டத் தெற!"

"வேணாம்!" சிங்காரம் தன்னையறியாமல் கத்தினான்.

பானெட் திறந்தது. சுப்பராயலு இன்ஜினின் மேலிருந்த பச்சை பெயிண்டை நகத்தால் சுரண்டினார். நம்பர் தெரிந்தது. நம்பரை அரத்தால் ராவச் சொல்லவேண்டும் என்று சிங்காரத்துக்குத் தோன்றியதே இல்லை. போலீசுக்கு அவ்வளவு மூளை ஏது என்ற நினைப்பு!

"எம் பொண்டாட்டி பொறந்த நாளு மறந்துபோவும். இந்த நம்பரு மறக்காது. ஆரம்பாக்கத்துல டிரைவரக் கொன்னு ஓட்டிட்டுப் போன லாரியோட இன்ஜினு. ஒரு பொணத்தப் பாக்க வந்தேன்... ரெண்டுக்கு பதில் வெச்சிருக்கீங்களே மொதலாளி!"

ஜெயம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று சிங்காரம் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான்.

அவள் அடிக்கவில்லை. அவனுடைய வெள்ளைச் சட்டையில் காறித் துப்பினாள்.

"தூ...! உன்னத் தொட்டா எங் கைக்குத்தான் தீட்டு!"

கூடியிருந்த மீனவர்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தன்கூட அவனை முதலாளி என்று சொல்லவில்லை. எல்லப்பன் அவன் தோளில் கைபோட்டு ஜீப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

சிங்காரம் ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கினான்.

"இருங்க, இருங்க! எங்க ஏறிட்டீங்க?" சுப்பராயலு சீட்டுக்கு அடியிலிருந்து ஜீப்பின் ஹேண்டிலை உருவி அவன் கையில் கொடுத்தார். "பேட்டரி செத்த வண்டி. எல்லப்பனுக்குக் கை வலி. நீங்கதான் பழகின கையாச்சே... ஒரு சுத்து சுத்துங்க."

சிங்காரம் ஜீப்பின் முகப்புக்கு வந்து, பம்பரில் படாமல் எட்ட நின்றே குனிந்தான்.

ஸ்டீயரிங்கில் உட்கார்ந்த சுப்பராயலு தலையை வெளியே நீட்டினார்.

"பயப்படாம சுத்துங்க மொதலாளி... நியூட்ரல்லதான் வெச்சிருக்கேன்!"