தேமோ சித்தப்பாவின் புல்கட்டு

மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. நான்காம் நாள் காற்று பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை வெயில் எட்டிப் பார்த்தபோது, தேமோ சித்தப்பாவின் தொழுவத்தில் ஒரு பிடி புல்கூட மிச்சமில்லை. பதினேழு சினை ஆடுகள் வெறும் தொட்டியை முகர்ந்துவிட்டுக் கத்தின.

கோடையில் அறுத்துக் காயவைத்த புல் மலைமேல் போராகக் கிடந்தது. பனிக்காலத்தில் அதைக் கட்டாகக் கட்டி, சரிவில் சறுக்கிக் கொண்டுவருவார்கள். கட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, குதிகாலால் திருப்பிக்கொண்டே வந்தால் கால் மணி நேரத்தில் வீடு. சித்தப்பா அதில் கெட்டிக்காரர். அதை அவரே ஊர் முழுக்கச் சொல்லிக்கொள்வார்.

உதவிக்கு அண்ணன் மகள் ரேவ்ஷானைக் கூட்டிப்போனார். அவளுக்குப் பத்து வயது. இருவரும் பாறை முகட்டின் வழியாக ஏறினார்கள். முகட்டில் பனியே இல்லை. காற்று வழித்துத் துடைத்திருந்தது.

“சித்தப்பா, இங்க இருந்த பனியெல்லாம் எங்க போச்சு?”

“காத்து தூக்கிட்டுப் போச்சு.”

“எங்க தூக்கிட்டுப் போச்சு?”

“எனக்குக் கடுதாசி போட்டுச் சொல்லிட்டா போகும்? நட வாயாடி!”

மேலே போய் முதல் கட்டை இறுக்கிக் கட்டினார்கள். அதைச் சரிவின் விளிம்பிலிருந்த பாறைவரை உருட்டி நிறுத்திவிட்டு, சித்தப்பா இன்னொரு கட்டுக்குப் புல் அள்ளப் போனார்.

ரேவ்ஷான் சரிவைப் பார்த்தாள். பிசைந்து வைத்த மாவு மாதிரி அது உப்பலாக இருந்தது. ஒரு காலை மெல்ல எடுத்து வைத்தாள்.

‘தொம்!’

சத்தம் பனிக்குள்ளிருந்து வந்தது. அவள் காலருகே ஒரு விரிசல் கிளம்பி, நூல் பிடித்ததுபோல் ஓடியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு பாறைக்குத் தாவினாள்.

“சித்தப்பா! பனி விரியுது! காத்து தூக்கிட்டு வந்ததெல்லாம் இங்கதான் குவிஞ்சிருக்கு. இதுல இறங்காதீங்க!”

“இருபது வருஷமா இதுலதான் இறங்கறேன். பனி உட்காரும்போது சத்தம் போடும். ஏன், நீ உட்காரும்போது போடறதில்லையா?”

“விளையாடாதீங்க சித்தப்பா. முதுகுல தூக்கிட்டு வந்த வழியே போயிடலாம்.”

“கழுதை மாதிரியா? ஊரே சிரிக்கும்!”

“அப்போ முதல்ல கட்டை மட்டும் தள்ளிவிட்டுப் பார்க்கலாம்.”

“ஆளில்லாம விட்டா நேரா ஓடைப் பள்ளத்துல போய் விழும். அப்புறம் யாரு எடுக்கறது? நாலு நாள் தீனிடி அது!”

சித்தப்பா திரும்பிக் குனிந்து புல்லை அள்ளத் தொடங்கினார். அடுத்த கட்டும் தயாராகிவிட்டால் இங்கே வந்து கட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். ஆடுகளின் பசி ரேவ்ஷானுக்கும் தெரியும். சித்தப்பாவின் கோபமும் தெரியும். திட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். சித்தப்பா இல்லாத வீட்டை அவளால் நினைக்கவே முடியவில்லை.

கீழே யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு முறை பார்த்தாள். ஓடைப் பள்ளம் வெறிச்சோடிக் கிடந்தது. பாறையில் முதுகைச் சாய்த்து, இரண்டு கால்களாலும் புல்கட்டை உந்தினாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி உந்தினாள்.

“ஏய்! என்னடி பண்றே?”

கட்டு புரண்டு சரிவில் இறங்கியது.

சித்தப்பா ஓடிவந்தார். கட்டு வழுக்கிக்கொண்டே போனது. பத்தடி, இருபதடி. ஒன்றும் ஆகவில்லை.

“பாரு! நல்லாப் பாரு! என்ன ஆச்சு? என் புல்லு போனதுதான் மிச்சம்! உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு, என்னைச்...”

மலை இடிபோல் முழங்கியது.

இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைவரை சரிவு ஒரே கோடாக அறுந்தது. அறுந்த பனி துண்டு துண்டாக உடைந்து பாய்ந்தது. புல்கட்டு ஒரு நொடி மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை. வெண்புகை எழுந்து அவர்கள் முகத்தில் அடித்தது. அது அடங்கியபோது ஓடைப் பள்ளமே இல்லை. விளிம்பு வரை பனி நிரம்பியிருந்தது.

சித்தப்பா பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“ஒரு கட்டு போச்சு சித்தப்பா,” என்று ரேவ்ஷான் அழுதாள். “ஆடுங்க பாவம்.”

அவர் அவளுடைய குளிர்ந்த கைகளைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, அள்ளிய புல்லைப் பெரிதும் சிறிதுமாக இரண்டு சுமையாகக் கட்டினார். பெரியதைத் தன் முதுகில் ஏற்றினார்.

“சிரிக்கிறவன் சிரிக்கட்டும். நீ முன்னாடி போ. உன் பின்னாடியே நான் வரேன்.”

சாயங்காலம் தொழுவத்தில் ஆடுகள் மொறுமொறுவென்று மென்றன. கஜால் சித்தி சூடான ரொட்டியோடு வந்தாள்.

“ஏங்க, ரெண்டு கட்டுன்னு சொல்லிட்டுப் போனீங்களே. ஒரு கட்டுப் புல்லுதானே இருக்கு. இன்னொண்ணு எங்க?”

“அது எனக்குப் பதிலாப் போயிடுச்சு.”

சித்தி அவரைப் பார்த்தாள். வாசலுக்குப் போய், நிரம்பிக் கிடந்த ஓடைப் பள்ளத்தைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். விருந்தாளிக்கென்று மூடி வைத்திருந்த வெண்ணெயை எடுத்து, அத்தனையையும் ரேவ்ஷானின் ரொட்டியில் வைத்துவிட்டாள்.