இரண்டு தட்டு

வெயில் எட்டாத அந்த இடுக்கில் பாறை இளஞ்சூடாக இருந்தது, இப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. கண்டக்டரம்மா கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மனசுக்கு என்னவோ சரியாகப் படவில்லை.

அவள் பஸ் கண்டக்டர். புருஷன் அதே பஸ்ஸுக்கு டிரைவர். இருவருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பதே அபூர்வம். "வீட்டுல சும்மா கிடந்து என்ன பண்ணப்போறோம், கிளம்பு" என்று காலையில் காரை எடுத்தவர், ஒன்றின்மேல் ஒன்று நிற்கும் கல், அடுக்கடுக்காய்ச் சிவந்த குன்று என்று கண்ணில் பட்ட இடமெல்லாம் நிறுத்தி, கடைசியில் இந்தப் பிளந்த பாறைக்குள் நுழைந்துவிட்டார். மறுபக்கம் ஒரு சுனை இருக்கிறதாம்.

"உங்க தொப்பைக்கு இது ஒத்துவராதுங்க."

"எத்தனை சந்துல பஸ்ஸ விட்டிருக்கேன்! பேசாம பின்னாடி வா, கண்டக்டரம்மா."

பக்கவாட்டில் நகர்ந்தார்கள். ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை மூக்கை அடைத்தது. அவர் சட்டை கல்லில் உரசும் சரசரப்பும், எங்கோ விட்டுவிட்டுச் சொட்டும் நீரும், அவளுடைய மூச்சும் ஒன்றோடொன்று குழம்ப, தலைக்கு மேலே வானம் மெலிந்துகொண்டே போனது.

டக். டக்.

அவர் உடனே முன்னால் நகர்ந்தார். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. பல வருஷமாக பஸ் தகரத்தில் அவள் கை தட்டும், அவர் கால் கேட்கும்; யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் அவள் தட்டவில்லை.

"ஏங்க, நான் தட்டலையே."

"சும்மா விளையாடாத."

டக். டக்.

அவர் இன்னும் உள்ளே போனார். வயிறு கல்லில் நசுங்கியது.

"நில்லுங்க!" அவள் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். சத்தமே வரவில்லை. சதையில் அடித்த மாதிரி இருந்தது.

டக். டக்.

"கால் தானா போகுதும்மா." குரலில் இப்போது கிண்டல் இல்லை. "மூச்சு விட முடியல. இழு."

பின்னால் நீண்ட கையைப் பற்றி இழுத்தாள். அசையவில்லை. திரும்பிப் பார்த்தாள். வந்த வழி சுருங்கியிருந்தது. ஒரு ஆள் நுழையலாம். இப்போதே போனால்.

"நீயாவது வெளிய போடி!"

"உங்கள விட்டுட்டா? செத்தாலும் விடமாட்டேன்."

டக். டக்.

முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

அவர் பக்கம் திரும்பினாள். முன்னால் இடுக்கே இல்லை. வழவழவென்று முழுப் பாறை. அதிலிருந்து மணிக்கட்டுவரை அவர் கை மட்டும்.

அந்தக் கையின் விரல்களை அவள் பிரிக்கப் பார்த்தாள்.

அது விடவில்லை. இழுத்தது.