மந்திரி சொல்லி முடிக்கட்டும்

"மயிலாத்தா! இன்னிக்கு உன்ற ஊட்டுக்காரரு சத்தம் வெளிய கேக்கப்படாது... சொல்லிப்போட்டேன்!"

விடிந்தும் விடியாமல் சமையற்கட்டில் வந்து நின்றாள் ஜானகியம்மாள். எம்.எல்.ஏ. ஆறுச்சாமியின் மனைவி, அந்த வீட்டின் மூத்த மருமகள். மயிலாத்தாள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வலி வந்தா அவிய என்னங்க்கா பண்ணுவாங்க?" என்றாள்.

"வாயில துணிய வெச்சு அடை! மந்திரி வாற ஊடு இது!"

ஒரு பழைய துண்டை அவள் தோளில் எறிந்துவிட்டுப் போனாள் ஜானகி.

போரில் கை கால் இழந்த பட்டாளத்துக்காரர்களுக்காக மலையாள நாட்டுச் சட்டசபையான நியமசபையில் விடாமல் குரல் கொடுத்தவர் ஆறுச்சாமி. அதன் பலனாக ஜில்லா ஆஸ்பத்திரியில் அவர்களுக்குத் தனி வார்டு வரப்போகிறது. செயற்கைக் கால்கூட அங்கேயே பொருத்துவார்களாம். அதை அறிவிக்கத்தான் மந்திரி அன்று கொழிஞ்சாம்பாறைக்கு வருகிறார். காலைப் பலகாரம் இந்த வீட்டில்.

ஆனால் ஆறுச்சாமியின் கூடப்பிறந்த தம்பி, மயிலாத்தாளின் புருஷன் சென்னிமலை, தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் கிடந்தான். மழை பொய்த்த வருஷம், அண்ணன் படிப்பு நிற்கக்கூடாது என்று பட்டாளத்தில் சேர்ந்தவன் அவன். எழுபத்தொன்றாம் வருஷச் சண்டையில் கண்ணிவெடி அவன் வலது காலைக் கொண்டுபோனது. வலி வந்தால் தோப்பே அதிரக் கத்துவான். கட்சிக்காரர்கள் வந்து போகும் வீடாயிற்றே! "தம்பிக்குப் புத்தி சரியில்லை" என்று சொல்லிச் சொல்லியே அவனை அங்கே தள்ளி, வெளியே தாழ் போட்டுவிட்டார் அண்ணன்.

தாய்வீட்டிலிருந்து எத்தனையோ முறை கூப்பிட்டும் மயிலாத்தாள் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டாள்.

இன்று மந்திரிக்கும் பரிமாறினாள். கார்கள் புறப்பட்டதும் நேராகத் தோப்புக்குப் போய்த் தாழை நீக்கினாள். புருஷனைக் குளிப்பாட்டி, பெட்டியிலிருந்த பட்டாளத்துச் சட்டையைப் போட்டுவிட்டாள். பண்ணையாள் பெரியமுத்துவை வண்டி பூட்டச் சொன்னாள்.

சென்னிமலைக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாம் புள்ளெ... எத்தன பேருக்கு நல்லது நடக்கப்போவுது! என்னால அது கெடப்படாது."

"கெடுக்க மாட்டனுங்க. மந்திரி சொல்லி முடிக்கட்டும். அதுக்கப்பறம் என்ற வாய ஆரும் அடைக்க முடியாது!"

கூட்டத்தின் ஓரத்தில் வண்டி நின்றது. மேடையில் ஆறுச்சாமி முழங்கினார்: "இந்த வீரர்கள் என் உடன்பிறப்புகள்! இவர்கள் கண்ணீர் என் கண்ணீர்!" கைதட்டல் வானைப் பிளந்தது. மயிலாத்தாள் வண்டிச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு பொறுத்தாள். மந்திரி எழுந்து, வார்டுக்கு அரசு உத்தரவு ஆகிவிட்டதென்று மலையாளத்தில் அறிவித்தார்.

அவ்வளவுதான். புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"மந்திரி ஐயா! உங்க வார்டுக்கு மொத ஆள் இவருங்க. எம்.எல்.ஏ.வோட சொந்தத் தம்பி! மச்சாண்டாரே... இவர எங்க பூட்டி வெச்சிருந்தீங்கன்னு இந்த சனத்துக்குச் சொல்லுங்க! வலில கத்துனா வாயில துணிய அடைக்கச் சொல்றாங்க உங்கூட்டுல! ஊர்ல இருக்கற பட்டாளத்துக்காரங்க எல்லாம் உடன்பிறப்பு... உடன்பிறந்தவன் மட்டும் பைத்தியமா?"



முன்வரிசையில் ஒற்றைக் கையோடு இருந்த பட்டாளத்துக்காரர் எழுந்து சென்னிமலைக்கு விறைப்பாகச் சல்யூட் அடித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். எம்.எல்.ஏ.வுக்கென்று வாங்கி வைத்த ரோஜா மாலை சென்னிமலையின் கழுத்தில் விழுந்தது.

"குடும்ப மானத்தைச் சந்தியில போட்டுட்டயே பாவி!" என்று கூட்டத்துக்கு வந்திருந்த ஜானகி தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆமாங்க்கா, போட்டேன்! வேணும்னேதான் போட்டேன்!" என்றாள் மயிலாத்தாள்.

வார்டு திறந்து, சென்னிமலை அங்கே சேர்ந்த பிறகு ஒருநாள், கட்சிக்காரர் யாருமில்லாமல் ஆறுச்சாமி தனியே வந்தார். தம்பியின் கட்டிலில் தலையைப் புதைத்துக் குலுங்கினார்.

"நான் மனுசனே இல்லீடா சென்னிமலை..."

"அழுவாதீங்கண்ணா... நீங்க போராடலீன்னா இந்தக் கட்டில் ஏதுங்க?" தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டான். இருவரும் சிறுபிள்ளைகள் போல அழுதார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறுச்சாமி திரும்பினார். "ஊட்டுக்கு வா அம்மிணி..."

"அவிய மன்னிச்சுட்டாங்க. அது அவிய மனசு. நான் மன்னிக்கலீங்க. அந்த ஊட்டு வாசப்படிய இனி மிதிக்க மாட்டேன். அங்க பாருங்க... ரெண்டு பேரு தரையில பாய் போட்டுப் படுத்திருக்காங்க. என்ற முன்னால அழுது பிரயோசனமில்ல, போய் நியமசபைல கேளுங்க!"

ஆறுச்சாமி தலை குனிந்து போனார்; போய்க் கேட்டார். கட்டில்கள் லாரியில் வந்திறங்கிய அன்று கூடவே அவரும் வந்தார். மயிலாத்தாள் அவர் கையில் ஒரு டம்ளர் காப்பி கொடுத்தாள். உட்காருங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.