வாய் மட்டும் பாக்கி

படியேறி வந்த சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள். அப்படியும் அந்த வாடை விடவில்லை. ஊறிப்போன மரம், பழைய எண்ணெய், சுவருக்குள் எங்கோ செத்துக் கிடக்கும் எலி என்று எல்லாம் கலந்து நாக்கில் வந்து உட்கார்ந்தது. பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்து பாதுகாக்கும் முதுகலைப் படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவள் அவள். கடைசி இரண்டு மாதம் இந்த மூன்றாம் மாடிப் பட்டறையில் ஒரு படத்தை முழுதாகச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். காட்டினால் பட்டம். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். “படம் துடைக்கிறதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்ட அப்பாவின் முகத்தில் அப்படிப் போய் விழிக்க அவள் தயாராக இல்லை.

வீட்டில் அவள் இளையவள், அதனால் சின்னவள். அந்த வீட்டிலேயே எச்சில் என்றால் ஏழு அடி தள்ளி நிற்பவளும் அவள்தான். அக்கா கடித்த ஆப்பிளைத் தொடமாட்டாள். அம்மா குடித்த டம்ளரைக் கழுவி, முகர்ந்து பார்த்து, இன்னொரு தடவை கழுவுவாள். அருவருப்பு வந்தால் மூக்கு இடப்பக்கமாகச் சுருங்கும், மேல்வரிசைத் தெத்துப்பல் கீழுதட்டில் வந்து அழுந்தும். “அந்த மூஞ்சியை மட்டும் என்கிட்ட காட்டாதடி” என்பாள் அம்மா.

பேராசிரியை படத்தை மேசைமேல் சாய்த்து வைத்தார். நடுத்தர வயதுப் பெண்ணொருத்தி, கழுத்து வரை மூடிய கறுப்பு உடை. யாருடைய சமையலறையிலோ அடுப்புக்கு மேலே நூறு வருடம் தொங்கிய படம். முன்பு ஒரு மாணவன் நெற்றியையும் கன்னங்களையும் துடைத்திருந்தான். முகத்தில் மூக்குக்குக் கீழே தாடை வரை மட்டும் புகைக்கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் கறுப்பாக அப்பிக் கிடந்தன. அவன் விட்டுப்போன குறிப்பில் ஒரே வரி: வாய் மட்டும் பாக்கி, குமட்டுகிறது.

“இந்த அழுக்குக்கு எந்தக் கரைசலும் சரிப்படலம்மா,” என்றார் பேராசிரியை. (அவர் பேசியது அந்த ஊர் மொழியில். நமக்கு நம் மொழியே போதும்.) “எச்சில்தான் கேக்குது.”

வேடிக்கை இல்லை, இந்தத் தொழிலில் அது நடைமுறைதான். பஞ்சு சுற்றிய குச்சியை வாயில் வைத்து நனைத்து, படத்தின்மேல் மெல்ல உருட்டினால், மற்றதெல்லாம் தோற்கும் இடத்தில் எச்சில் அழுக்கைக் கரைத்துவிடும்.

“ஒரு தடவை வாய், ஒரு தடவை படம், அப்புறம் மூடி போட்ட ஜாடி. தொட்ட பஞ்சு திரும்ப வாய்க்குப் போகவே கூடாது. மறந்துடாத.”

“மறப்பேனா!” என்றாள் சின்னவள். மூக்கு தானாகச் சுருங்கிற்று.

ஏழு வாரத்தில், அவன் தொடாமல் விட்ட கழுத்து, கைகள், பின்னணி எல்லாம் முடித்தாள். ஏதாவது சாக்குச் சொல்லி வாயைத் தள்ளிக்கொண்டே போனாள். ஜாடியில் பழுப்புப் பஞ்சுகள் நிறைந்தன. மூடியைத் திறக்கும்போதெல்லாம் புளித்த பால் வாடை முகத்தில் அடித்தது. வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் வருகிறார்கள் என்ற நிலையில், செவ்வாய்க்கிழமை காலை, வேறு வழியில்லாமல் வாய்க்கு வந்தாள்.

நல்ல வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். முதல் பஞ்சில் அழுக்கு நூல் நூலாகக் கோழைபோல இழுபட்டு வந்தது. அடியில் உதட்டின் ஓரம் தெரிந்தது. துடைத்த இடம் அரை மணி நேரமாகியும் காயவில்லை.

பதினோரு மணிக்கு அம்மா ஃபோனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள் சின்னவள்.

“சாப்பிட்டியாடி?”

“ஆச்சும்மா.”

“உங்கப்பா இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார், என் சின்னப் பொண்ணு வெள்ளிக்கிழமை பட்டம் வாங்கப்போறான்னு. அக்கா வேற...”

அப்பாவா? அவர் வாயிலிருந்தா? சிரித்துக்கொண்டே பஞ்சை உருட்டினாள், கேட்டுக்கொண்டே குச்சியை எடுத்தாள், வாயில் வைத்தாள்.

புதுப் பஞ்சு இல்லை அது.

கரி. கெட்டுப்போன கொழுப்பு. அதற்கும் அடியில், இன்னொருவர் வாயின் சுவை. காலையில் பல் தேய்க்காத, வயதான, வெதுவெதுப்பான வாய்.

வெதுவெதுப்பாக இருந்தது. அதுதான் அவளைக் கலக்கியது.

ஃபோனை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவும் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்தாள், சோப்பைத் தொட்டு நாக்கைத் தேய்த்தாள். தொண்டையில் ஏதோ உறுத்தியது. விரலை விட்டு இழுத்தாள். முடி. வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம், பாதி நரைத்தது.

அவள் தலையில் ஒரு நரை கிடையாது.

புதன்கிழமை எதைத் தின்றாலும் யாரோ ஏற்கெனவே மென்று துப்பியதைத் தின்பதுபோலவே இருந்தது. ரொட்டியைத் துப்பினாள், பாலைத் துப்பினாள். வாயில் மட்டும் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கப் பயந்து ஒரு டம்ளரில் துப்பி வைத்தாள். மதியத்துக்குள் டம்ளர் நிறைந்தது. பழுப்பாக, கெட்டியாக, மேலே ஏடு கட்டியிருந்தது.

“முகமே சரியில்லையே,” என்றார் பேராசிரியை. “முடியலன்னா விட்டுடு. அந்தப் பையனும் இங்கதான் விட்டான். தேர்வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக் கேக்கலாம்.”

அடுத்த வருஷம். அப்பா எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. சின்னவள் டம்ளரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். “முடிச்சிடுவேன் மேடம்,” என்றாள்.

வியாழக்கிழமை யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஒரு குச்சியை அந்த டம்ளரில் தோய்த்தாள். கை கூசியது. அப்படியும் தோய்த்தாள்.

ஒரே உருட்டு. நூறு வருட அழுக்கு வெண்ணெய்போல வழிந்தது.

இன்னொரு குச்சி. இன்னொன்று. டம்ளர் காலியானதும் வாயிலிருந்தே எடுத்தாள். அங்கே குறைவே இல்லை. எது புதுப் பஞ்சு, எது தொட்ட பஞ்சு என்று பார்ப்பதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. சாயங்காலம் நிமிர்ந்தபோது ஜாடிக்குள் அன்றைய பஞ்சு ஒன்றுகூட விழுந்திருக்கவில்லை. குமட்டலும் நின்றிருந்தது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை தேர்வாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். படத்துப் பெண்ணின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அற்புதம் என்றார்கள், காபி குடித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பேராசிரியை மட்டும் படத்தருகே குனிந்து நின்றார்.

“இந்தப் பல்லு...” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “தெத்துப்பல்லா இது?”

“அழுக்குக்கு அடியில இருந்திருக்கு மேடம்,” என்றாள் சின்னவள். சொல்லும்போதே நாக்கு பழக்கத்தில் மேல்வரிசையைத் தடவியது. வரிசை நேராக இருந்தது. முட்டும் இடத்தில் எதுவும் முட்டவில்லை. விசித்திரம்தான், ஆனால் பயம் வரவில்லை. பசிதான் வந்தது.

எல்லோரும் போன பிறகு மேசையில் கோப்பைகள் கிடந்தன. ஒன்றின் விளிம்பில் உதட்டுச்சாயம். ஒன்றின் அடியில் ஊறிக் கரைந்த பிஸ்கட். ஒருவர் இருமிவிட்டு அப்படியே வைத்துப்போன அரைக் கோப்பை. சின்னவள் உதட்டுச்சாயக் கோப்பையை எடுத்து, சாயம் இருந்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தாள். நான்கு நாளில் வாய்க்கு ருசித்த முதல் பொருள் அதுதான்.

ஃபோன் அடித்தது. அம்மா, வீடியோவில்.

“பாஸாயிட்டியாமே! அக்கா சொன்னா. எங்க, அந்தப் படத்தைக் காட்டுடி.”

சின்னவள் கேமராவைப் படத்தின் பக்கம் திருப்பி ஃபோனை மேசைமேல் சாய்த்து வைத்தாள். அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“கண்ணு, என்னடி மூஞ்சி இது? பாஸான பொண்ணு இப்படியா சுளிச்சுக்கிட்டு நிப்பா?”

சின்னவள் கோப்பைக்கு மேலாகப் பார்த்தாள். படத்தில் வாய் மூடியிருந்தது. மூக்கு இடப்பக்கமாகச் சுருங்கி, தெத்துப்பல் கீழுதட்டில் அழுந்தியிருந்தது. கண்கள் அவள் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“அம்மா, அது படம்,” என்றாள்.

அம்மாவின் குரல் மாறிற்று. “நீங்க யாரும்மா? என் பொண்ணைப் பேச விடுங்க.” பிறகு, கெஞ்சலாக: “வாயைத் திறடி கண்ணு. என்னடி ஆச்சு? ஏன் குமட்டுற மாதிரி நிக்கிற?”

படத்தின் கீழுதட்டில், பல் அழுந்திய இடத்தில், ஈரம் ஒரு துளியாகத் திரண்டது.

சின்னவள் கோப்பையின் அடியில் இருந்த பிஸ்கட்டை விரலால் வழித்து நக்கினாள். பிறகு இருமியவர் வைத்துப்போன கோப்பையை எடுத்தாள்.